கதிரைக் கையில் கட்டிய டிக்கற்

1

இந்த நாட்டில் ஒரு வயதுக்குப் பிறகு பலதும் இலவசமாகிவிடுகிறது. நீச்சல் தடாகத்துக்குக் காசு இல்லை. நூலகத்தில் புத்தகத்தைப் பிந்திக் கொடுத்தாலும் தண்டம் இல்லை. பேரப்பிள்ளை படிக்கும் கல்லூரியில் கரப்பந்தாட்டம் பார்க்கப் போனால் அதற்கும் டிக்கற் இல்லை. கனடாவில் குளிர் கூடிய ஒரு சிறு நகரத்தில் இருந்து இதை எழுதுகிறேன். திருகோணமலையில் இதை வாசிக்கப்போகிறவர்களில் சிலர் என்னிடம் கணிதம் படித்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசம் என்ற சொல்லுக்கு நான் பயம்.

என் மகள் வசந்தியின் மகள் அபிரா கல்லூரி அணியில் விளையாடுகிறாள். ஆறு பேரில் ஒருத்திக்கு மட்டும் வேறு நிறச் சட்டை கொடுத்திருப்பார்களே, வலைக்கு மேலே துள்ளாமல் தரையில் விழுந்து விழுந்து பந்தெடுக்கிற ஆள், அந்த இடம் அவளுக்கு. இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் போனபோது டிக்கற் யன்னலில் இருந்த பெண் என் தலைமயிரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இலவசம்" என்றாள். நான் நோட்டை நீட்டினேன். அவள் திருப்பித் தள்ளினாள். நான் மறுபடி நீட்டினேன். பின்னால் வரிசை நீண்டது.

"அப்பா, சும்மா விடுறன் எண்டு சொல்லுது. வாங்கோவன். என்ன வீம்பு?" என்று வசந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் காசு குடுத்துத்தான் உள்ளுக்குப் போவன்."

அந்த இயந்திரத்தில் முதியவரிடம் காசு வாங்க வழியே இல்லையாம். பிறந்த ஆண்டைத் தட்டினால் விலை பூச்சியம் என்று வந்து நிற்கிறது. மேலாளர் வந்தார். அவராலும் ஏலவில்லை. கடைசியில் வசந்தி என் பிறந்த ஆண்டை இருபது வருடம் முன்னுக்குத் தள்ளித் தட்டினாள். அன்றில் இருந்து கரப்பந்தாட்ட அரங்கில் மட்டும் நான் இளமையானவன்.

அங்கே முன்வரிசையில் எண் போட்ட மடக்குக் கதிரைகள் இருக்கின்றன. விலை கூட. பின்னால் படிப்படியாக வாங்குப் பலகைகள், விலை குறைவு. மாணவர்கள் ஆடுகளத்தின் கோடிப்பக்கம் நின்று மேளம் அடிப்பார்கள், அவர்களுக்குப் பெயருக்கு ஒரு விலை. பனிச்சறுக்குப் பாதணியோடு ஆடும் ஹொக்கிக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசியும் இதற்கு வராது. இரண்டாவது செட் முடிய, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெற்றோர் கைதட்டுவார்கள். எண்ணிக்கைக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

முதல் நாள் முன்வரிசையில் போய் இருந்ததும் மனம் கணக்குப் போட்டது. கதிரை, வாங்கு, நிற்கிற இடம். ஊரில் எங்களிடமும் இதே மூன்றுதான், நிற்கிற இடம் மட்டும் மணல்.

2

திருகோணமலையில் நான் படிப்பித்த எங்கள் கல்லூரி மைதானத்தின் ஒரு பக்கம் துறைமுகம். மறுபக்கம் நடந்தால் கடற்கரை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் அணியைக் கூப்பிட்டுப் பெரிய கரப்பந்தாட்டம் நடக்கும். மணலில் இருந்து பார்ப்பவர்களுக்கு டிக்கற் இல்லை. தகரப்பேணியில் போடுவதைப் போடலாம். வாங்குக்கு நீல டிக்கற். கதிரைக்கு இளஞ்சிவப்பு.

கல்லூரியிடம் கதிரைகள் இல்லை. ஆகவே கதிரை டிக்கற் வாங்கியவர்கள் தங்கள் வீட்டுக் கதிரையையே மத்தியானத்துக்குப் பிறகு அனுப்பிவிடுவார்கள். சைக்கிள் கரியரில் வரும், தள்ளுவண்டியில் வரும், தலையில் வரும். டிக்கற்றை நூலால் கதிரைக் கையில் கட்டி அனுப்ப வேண்டும். வாசலில் நிற்பவர் அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஆள் எப்போது வந்தாலும் பிறகு ஒருவரும் டிக்கற் கேட்பதில்லை. டிக்கற் ஆளுக்கு இல்லை, கதிரைக்கு.

ஆட்டம் தொடங்கும்வரை கதிரைகள் மட்டும் வரிசையாக இருக்கும். ஊர் மான்கள் வந்து அவற்றுக்கு நடுவே உலாவும். கடற்காற்றுக்கு இளஞ்சிவப்புத் துண்டுகள் எல்லாம் ஒன்றாகப் படபடக்கும். ஆளில்லாத அந்த வரிசையைப் பார்த்தால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். முன்வரிசையின் நடுவில் ஒரு கதிரைக்கு மட்டும் டிக்கற் கட்டுவதில்லை. அதில் கல்லூரியைத் தொடங்கிய அதிபரின் படம் மாலையோடு வைக்கப்பட்டிருக்கும். டிக்கற் இல்லாத கதிரை என்றால் என்ன என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

யோகனை இப்போது அறிமுகப்படுத்த வேண்டும். துறைமுகத்தில் பாரந்தூக்கியில் வேலை செய்தவன். எங்கள் கல்லூரியின் பழைய அணித்தலைவன். பழைய தலைவர்களுக்கு அனுமதி இலவசம் என்பது கல்லூரி வழக்கம். அவன் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"சும்மா வந்தால் சும்மாதான் பாக்கலாம் மாஸ்டர். காசு குடுத்தால்தான் கத்தலாம்" என்பான்.

கத்துவான். அவன் கத்தினால் நடுவர் திரும்பிப் பார்ப்பார். வேலையில் விழுந்து வலது இடுப்பு மடங்காமல் போனதால் நேராக இருக்க ஏலாது. முழுப் பாரத்தையும் இடது முழங்கையில் போட்டுச் சாய்ந்துதான் இருப்பான். அவனுடைய முதிரை மரக் கதிரையின் இடது கை தேய்ந்து மினுங்கும்.

ஒருநாள் காலையில் வேலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் பல பேருடைய கதை இந்த இரண்டு வசனத்தோடு நின்றுவிடும். அவன் மனைவி தங்கமலர் தெரிந்த வாசல்கள் எல்லாவற்றிலும் போய் நின்றாள். இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்தால் நட்டஈடு வரும் என்று அரச அலுவலகமான கச்சேரியில் சொன்னார்கள். அவள் வைக்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு யோகனின் கதிரை வந்தது. கையில் இளஞ்சிவப்பு டிக்கற் கட்டியிருந்தது. அப்போது பொறுப்பாக இருந்த ஆசிரியர் தங்கமலரிடம் காசை வாங்கி, டிக்கற்றைக் கிழித்துக் கொடுத்து, மிச்சத்தையும் கொடுத்தார். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். கதிரை முழு ஆட்டமும் வெறுமையாக இருக்கும். ஒருவரும் அதில் பையைக்கூட வைக்கமாட்டார்கள். தங்கமலர் மணலில் பெண்களோடு நின்று பார்ப்பாள்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஐந்தாவது செட் தொடங்கும்போது கிண்ணியா ஆட்கள் மொத்தமாக எழும்பிப் போவார்கள். பின்னால் வாங்குகள் ஒரேயடியாக வெறுமையாகும். வெளிச்சமும் மங்கியிருக்கும். அப்போது முன்வரிசையைப் பார்த்தால் யோகனுடைய கதிரையில் மட்டும் ஆள் இருப்பதுபோலத் தெரியும். இதை நான் அந்த நாளில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

3

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், அபிராவின் ஆட்டம். வெளியே பனி கொட்டியது.

என் வலப்பக்கத்துக் கதிரை விற்கப்பட்ட கதிரை. இணையத்தில் டிக்கற் எடுக்கும்போது விற்றவற்றைச் சாம்பல் நிறத்தில் காட்டும். அது பருவம் தொடங்கிய நாளில் இருந்தே சாம்பல். ஆனால் ஒருநாளும் ஒருவரும் வந்து இருந்ததில்லை. இந்தக் கதிரைகளுக்குக் கீழே வில் உண்டு. ஆள் எழும்பினால் இருக்கை தானாக மேலே மடிந்துவிடும். அதனால் வெறும் கதிரை எது என்று தூரத்தில் இருந்தே தெரியும்.

இரண்டாவது செட்டில் தற்செயலாகத் திரும்பினேன். இருக்கை கீழே விரிந்திருந்தது. வில் பழுதாக்கும் என்று கையால் தட்டினேன். டக்கென்று மேலே போனது. அழுத்திவிட்டேன். மறுபடியும் மேலே போனது. நல்ல வில். அபிரா ஒரு பந்தை விழுந்து எடுத்தாள், நான் கைதட்டினேன், திரும்பினேன். இருக்கை கீழே இருந்தது.

மறுபடி அதைத் தொடவில்லை. இரண்டு கதிரைகளுக்கும் பொதுவாக நடுவில் ஒரு கை இருந்தது. அதில் இருந்த என் முழங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த நேரம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. ஒருவருக்கு இடம் விடுகிறபோது செய்வதுபோலச் செய்தேன்.

நான்காவது செட்டில் பந்து தடுப்பாளர்களின் கையில் பட்டு முன்வரிசைக்கு வந்தது. நேராக அந்தக் கதிரைக்கு. இப்படியான பந்துக்கு அபிரா யோசிப்பதே இல்லை. கதிரைகளுக்கு மேலாகப் பாய்ந்து எடுப்பாள், முழங்கால் எல்லாம் தழும்பு. அன்று ஓடிவந்தவள் ஓரடி இருக்கும்போது கையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பந்து கதிரை முதுகில் பட்டு உருண்டது. பயிற்றுநர் கத்தினார். அந்தச் செட்டும் போனது, ஆட்டமும் போனது.

காரில் வரும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை நிண்டனி?"

"அவருக்கு மேல விழுந்திருப்பன், அம்மப்பா."

"ஆருக்கு மேல?"

"உங்களுக்குப் பக்கத்தில இருந்தவர். உங்கட பக்கம் சாய்ஞ்சுகொண்டு இருந்தாரே."

வசந்தி காரை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தாள். "அப்பாவுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லையேடி. நான் பின்வாங்கில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"அம்மா, கோச் ஏசினதே காணும், நீங்களும் தொடங்காதையுங்கோ" என்றுவிட்டு அபிரா காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளோடு கதைக்க ஏலாது. வீட்டில் முக்கால்வாசி நேரம் அவள் அந்தப் பாட்டுக்கு உள்ளேதான்.

ஓடிவருகிற பிள்ளையின் கண்ணுக்கு நிழலும் ஆளாகத் தெரியலாம். வாழ்நாள் முழுக்கக் கணிதம் படிப்பித்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் சாய்ஞ்சுகொண்டு என்று சொன்னாள். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

4

இனி நான் செய்ததை எழுதுகிறேன்.

யோகன் காணாமற்போய்ச் சில ஆண்டுகளில் ஆட்டப் பொறுப்பு என் கைக்கு வந்தது. டிக்கற் மேசையில் இருந்தேன். தங்கமலர் லேஞ்சித் துணியின் முனையில் முடிந்த காசோடு வந்தாள். அவள் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னர் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"தங்கச்சி, உங்களிட்டக் காசு வாங்க எனக்கு மனமில்லை. கதிரையை அனுப்புங்கோ. நாங்கள் சும்மா வைக்கிறம்."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா."

அவள் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். நன்றி சொல்ல வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

ஆட்டத்தன்று கதிரை வந்தது. கையில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. நான் டிக்கற் கொடுக்கவில்லையே, எதைக் கட்டுவது? காற்று அடித்தபோது வரிசை முழுவதும் இளஞ்சிவப்புப் படபடத்தது. இரண்டு கதிரை மட்டும் மொட்டையாக நின்றன. ஒன்றில் மாலை போட்ட படம் இருந்தது. மற்றது யோகனுடையது.

தங்கமலர் வந்து வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"மாஸ்டர், அவரைச் செத்த ஆக்களோட இருத்திப்போட்டியள்."

"ஐயோ, நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை..."

"காசு குடுக்காத இடத்தில அவர் இருக்கமாட்டார். அது உங்களுக்கு வடிவாத் தெரியும்."

போய்விட்டாள். கதிரையை எடுக்கவில்லை. மறுநாள் ஆள்விட்டு அனுப்பினேன். அது எங்கட கதிரை இல்லை என்று திருப்பிவிட்டாள்.

பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. முன்வீட்டுக் கலியாணத்தில் அவளுக்குக் குங்குமம் நீட்டாமல் தட்டைத் தாண்டிக் கொண்டுபோனார்களாம். கல்லூரியே ஏற்றுக்கொண்டுவிட்டது, உங்களுக்கு இன்னும் என்ன பிடிவாதம் என்று கச்சேரியில் கேட்டார்களாம். அதுவரை யோகன் இருக்கிறானா இல்லையா என்று முடிவெடுக்க ஊரில் ஒருவருக்கும் துணிவு இருக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

கதிரையை விளையாட்டு அறையில் சுவரைப் பார்க்க வைத்துப் பூட்டினேன். காலையில் திறந்தால் அது மைதானத்துப் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "ஆரோ பொடியள்தான் சேர்" என்றார் காவலாளி. பூட்டின் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. சில நாட்களுக்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். அந்த யன்னலைத் திறப்பதையும் விட்டுவிட்டார்.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்த முறை ஒரு பெரிய அதிகாரி விருந்தினராக வர இருந்தார். காசு கட்டிய கதிரை ஏன் வெறுமையாக இருக்கிறது, யாருடையது, அவர் எங்கே என்று அவர் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு என்ன நடக்கும் என்று பயந்தேன். நினைவுக் கதிரை என்றால் ஒரு கேள்வியும் வராது. அவர் கேட்கவும் இல்லை. இரண்டாவது செட்டோடு எழும்பிப் போனார்.

கொஞ்சக் காலத்தில் நாட்டை விட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரே எண்ணம்தான். தங்கமலர் உயிரோடு இருந்தால், நானும் இருக்கும்போதே, அன்றைக்கு வாங்காமல் விட்ட காசை அவள் கையில் இருந்து வாங்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது சுலபம். காசு வாங்குவதுதான் கஷ்டம்.

5

பழைய மாணவன் ரவீந்திரன் இப்போது ஆண்டு ஆட்டத்தை நடத்துகிறான். தொலைபேசியில் கேட்டேன்.

"தங்கமலர் அக்காவோ? இருக்கிறா சேர். அதே ஒழுங்கைதான். ஏன் சேர்?"

"ஆட்டத்துக்குக் கதிரை டிக்கற் என்ன விலை?"

"டிக்கற்றோ!" என்று சிரித்தான். "அதெல்லாம் எந்தக் காலம்? இப்ப எல்லாம் கொம்பனியளின்ர அனுசரணை. வாடகைப் பிளாஸ்டிக் கதிரை. வாறவன் போறவன் எல்லாருக்கும் இலவசம். இலவசம் எண்டுமே நூறு பேர் வரமாட்டினம். நீங்கள் வாங்கோ சேர், உங்களுக்குச் சோபாவே போடுறன்."

"சோபா வேண்டாம். முன்வரிசைக்கு டிக்கற் அடி. இளஞ்சிவப்பு."

"சேர், உங்களுக்கு அங்க சுகம்தானே?"

விளங்கப்படுத்தினேன். பிறகு, "அந்தக் கதிரை இன்னும் ஸ்டோரில கிடக்கு சேர்" என்றான். "பொடியள் அதில இருக்கமாட்டாங்கள். இருந்தால் சேர்விஸ் வலையைத் தாண்டாதாம். நானும் படிக்கேக்க இருந்ததில்லை."

புது வலை வாங்கக் காசு தேவை என்று சொல்லி முன்வரிசைக்கு மட்டும் டிக்கற் வைத்தான். வீட்டுக் கதிரை கொண்டுவரலாம் என்று முகநூலில் போட்டான். பழைய ஆட்களுக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போனது.

பிறந்த நாட்டுக்குப் போக விசா விண்ணப்பம் நிரப்ப வேண்டும். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினர் என்று போட ஒருவரும் இல்லை. விளையாட்டு என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி கடவுச்சீட்டையும் என் ஊன்றுகோலையும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ பகிடியாகக் கேட்டார். ஒருகாலத்தில் எனக்குச் சரளமாக வந்த மொழி. வாயைத் திறக்க ஆங்கிலம் வந்தது. அவருடைய சிரிப்பு மரியாதையாக மாறிவிட்டது.

6

ஒழுங்கை துறைமுக மதிலோடு முடிகிறது. தங்கமலர் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை வெளுத்திருந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது.

"ஆரது?"

"நான் மாஸ்டர். கணக்கு மாஸ்டர்."

கையைக் கழுவி, சேலையில் துடைத்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கிழவனாப் போனியள்" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

நின்றபடியே சொன்னேன். அதிகாரி வர இருந்ததையும், நான் பயந்ததையும், இரக்கம் என்று சொன்னது பாதிப் பொய் என்பதையும்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "இரக்கப்பட்ட ஆள் முகத்தைப் பாத்துக் கதைச்சிருப்பார். நீங்கள் என்ர லேஞ்சியைப் பாத்துக் கதைச்சனீங்கள்."

"மன்னிக்க வேணும், தங்கச்சி."

"நீங்கள் செய்தது செய்ததுதான் மாஸ்டர். இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

சட்டைப்பையில் இருந்து டிக்கற்றை எடுத்தேன். "சனிக்கிழமை ஆட்டம். கதிரை டிக்கற் விக்கிறன்."

அவள் அதை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எவ்வளவு?"

"ஐந்நூறு."

"ஐந்நூறோ! அந்தக் காலம் பத்து ரூபாதானே? கதிரையும் எங்கடது, இருக்கிற ஆளும் எங்கட ஆள். நீங்கள் மணலைத்தானே தாறியள்?"

உங்களுக்குக் குறைச்சுத் தாறன் என்ற வசனம் என் வாய்வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எல்லாருக்கும் அந்த விலைதான்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. என்ன மாற்றம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனாள். லேஞ்சியோடு வந்தாள். முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினாள். வாங்கினேன். அவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.

"மிச்சம்?"

என்னிடம் மாற்றிய காசு எல்லாம் பெரிய தாள்கள். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஒழுங்கை திரும்பும் முடக்கில் இருந்த கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அவள் அதே இடத்தில் கையை நீட்டியபடி நின்றாள்.

7

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கதிரைகள் வந்தன. நிலாவெளியில் இருந்து ஒருவர் பஸ்ஸின் மேல்தட்டில் தன் சாய்மனைக் கதிரையையே ஏற்றிக்கொண்டு வந்தார். கொண்டக்டர் அதற்கும் டிக்கற் அடித்தானாம், அதையும் சேர்த்துக் கதிரைக் கையில் கட்டியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். கிண்ணியா ஆட்கள் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்க இனிப் படகு இல்லை. எத்தனை செட் என்றாலும் இருக்கலாம்.

ஸ்டோரில் இருந்து யோகனுடைய கதிரையை நான்தான் எடுத்து வந்தேன். தூசி துடைத்தேன். பூட்டி வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பஞ்சுபோல ஒற்றைக் கையில் வந்தது. தங்கமலர் நூலைக் கொண்டுவந்தாள். கதிரையின் இடது கையில் டிக்கற்றைக் கட்டி, நூல் முனையைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு பழையபடி மணலில் போய் நின்றாள். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை யாரோ கொடுக்க, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

என் டிக்கற்றுக்கும் காசு கொடுத்தேன். என் கதிரை யோகனுடையதற்கு இடப்பக்கம். முழங்கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. மாலை வெளிச்சம் மங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. ஒரு பந்து வெளியே அடிபட்டு எங்கள் பக்கம் வந்தது. கல்லூரி அணியில் குட்டையான பொடியன் ஒருவன் ஓடிவந்தான். யோகனுடைய கதிரைக்கு முன்னால் வந்ததும் வளைந்து, சுற்றிப் போய், பின்னால் விழுந்த பந்தை ஒற்றைக் கையால் எடுத்து மேலே விட்டான். எழும்பும்போது கதிரையைப் பார்த்து, "சொறி அண்ணை" என்றான். கனடாவில் வளர்ந்தவள் நின்றுவிட்டாள், இங்கே வளர்ந்தவன் சுற்றிப் போனான். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. புள்ளி எங்களுக்கு வந்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் கத்தவில்லை. ஆனால் நடுவர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார்.

எல்லோரும் தங்கள் தங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். தங்கமலர் வந்து நின்றாள்.

"எங்கட கதிரையைக் கொண்டு போகோணும்."

"நான் கொண்டு வாறன்."

ஊன்றுகோலை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதிரையைப் பிடித்தேன். மத்தியானம் ஒற்றைக் கையில் வந்த கதிரை இரண்டு கையாலும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. வயது என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். வாசலைத் தாண்டவே நெஞ்சு அடைத்தது. துறைமுக வீதி முடக்கில் மான் ஒன்று நின்றது. நாங்கள் கிட்டப் போனதும் அது என்னைப் பார்க்கவில்லை, தங்கமலரைப் பார்க்கவில்லை, கதிரை போகிற உயரத்தைப் பார்த்தபடி மெல்ல வழிவிட்டது.

மதிலடியில் கதிரையை வைத்துவிட்டேன். "ஏலாது தங்கச்சி. ஒரு பக்கமா இழுக்குது."

முன்னால் போன தங்கமலர் திரும்பி வந்தாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை.

"பிடிச்ச பிடி பிழை, மாஸ்டர்" என்றாள். "இடப்பக்கத்தை இறுக்கிப் பிடியுங்கோ. அவர் அந்தப் பக்கம்தானே சாய்ஞ்சிருக்கிறவர்."

டிக்கற் கட்டியிருந்த கைக்குக் கீழே என் தோளைக் கொடுத்தேன். கதிரை நேரானது. பாரம் குறையவில்லை. ஆனால் நடக்க முடிந்தது.